ப்ளொம்மா சும்மா இருந்த நாள்

நார்வே நாட்டில் ஒரு மலை.
மலைக்கும் மலைக்கும் நடுவிலே
கடலே கொஞ்சம் வழி தவறி
உள்ளே வந்து நின்றது போல்
நீண்டு கிடக்கும் ஒரு ஃபியார்டு.
அந்தக் கரையில் ஒரு பண்ணை.
பண்ணை வீட்டின் கூரையிலே
ஓடும் இல்லை, தகரம் இல்லை,
பச்சைப் பசேலெனப் புல்லு!

கூரையில் புல்லை வளர்த்துவிட்டு
கீழே ஆட்டை வளர்க்கலாமா?
நீங்களே எனக்குச் சொல்லுங்கள்.

ப்ளொம்மா என்றொரு வெள்ளாடு,
பேச்சைக் கேளாப் பெண்ணாடு.
தாடி உண்டு, தாத்தா இல்லை.
கொம்பு உண்டு, கோபம் இல்லை.
பசி மட்டும்தான். எப்போதும்!

"சும்மா இரு நீ, ப்ளொம்மா!" என்று
சொல்லிப் போனாள் தூரா அம்மா.
சும்மா இருந்தாள் ப்ளொம்மா.
எவ்வளவு நேரம்?
ஒரு தும்மல் நேரம்.

விறகுக் குவியல் மேலே ஏறி,
சன்னல் விளிம்பில் காலை ஊன்றி,
கூரைக்குப் போனாள். கறுக், மொறுக்!
வலது பக்கம் மொட்டை ஆச்சு.
இடது பக்கம் பாதி ஆச்சு.
புகைபோக்கிக்குள் எட்டிப் பார்த்தாள்,
புகை எழுந்து மூக்கில் ஏற
"அ... அஅ... ஆச்ச்ச்!"

கீழே அடுப்பில் கஞ்சி வெந்தது.
கஞ்சி முழுக்கக் கரித்தூள் ஆச்சு.
கரண்டியோடு தூரா வந்தாள்.
கண் மட்டும்தான் வெள்ளை.

ஓடு ப்ளொம்மா, ஓடு ஓடு!
சேற்றில் ஓடு, சரிவில் ஓடு!
ஓடிய ஓட்டம் நின்ற இடம்
ஐயோ, அது ஒரு படகுத்துறை.

கார்கள் ஏறும் பெரிய படகு.
கதவை மூடப் போகும் நேரம்.
"டிக்கெட்! டிக்கெட்!" என்று கேட்டார்
எய்வின் என்ற நடத்துநர்.
எல்லாரும் கையை நீட்டினார்கள்.
ப்ளொம்மா வாயை நீட்டினாள்.
தபால்காரர் டிக்கெட், கறுக்!
பல் டாக்டர் டிக்கெட், மொறுக்!
கல்யாண மாப்பிள்ளை டிக்கெட்டோடு
சட்டைப் பூவும் சேர்ந்து லபக்!

தலையைச் சொறிந்தார் எய்வின், பாவம்.
"அறுபது பேர் படகில் இருக்க
ஒருத்தரிடமும் டிக்கெட் இல்லை.
ஆட்டிடம் மட்டும் அறுபது இருக்கு!"

அக்கரை வந்தது. அங்கே கூட்டம்.
டும்டும் மேளம், பித்தளை ஊதல்,
புதிய பாலம் திறப்பு விழா!
குறுக்கே சிவப்பு நாடா கட்டி
கையில் பெரிய கத்தரி ஏந்தி
மேயர் போர்கில்ட் பேசினார்.
பேசினார். பேசினார்.
மழை வந்தது, பேசினார்.
மழை நின்றது, பேசினார்.
கத்தரி லேசாய்த் துருப்பிடித்தது.

"ஆகவே இந்தப் பாலத்தை
இப்போது நான்..." என்றபோது
நாடா எங்கே? காணோமே!
ப்ளொம்மா தாடி ஓரத்திலே
சிவப்பாய் ஒரு முனை தொங்கியது.
சர்ர்ரென்று அதுவும் உள்ளே போச்சு.

ஒரு நொடி எல்லாரும் கப்சிப்.
குட்டிப் பையன் ஒருவன் மெல்லக்
கை தட்டினான். ஊரே தட்டிற்று.
மேயர் மட்டும் கத்தரியை
வைக்க இடமின்றி நின்றிருந்தார்.

பாலம் திறந்தால் நடக்க வேண்டும்.
முதலில் நடந்தது யார் தெரியுமா?
டக்டக், டக்டக், நாலு குளம்பு!
பின்னால் மேயர், பின்னால் மேளம்,
டிக்கெட் இல்லா அறுபது பேர்.
மணப்பெண் அங்கே காத்திருக்க
மாப்பிள்ளைகூட இங்கே வந்தான்!

பாலம் போய் முடியும் இடமோ
தூராவின் முட்டைக்கோஸ் தோட்டம்.
(தோட்டம் என்று சொல்லக் கூடாது.
ப்ளொம்மா வந்து விட்டாளே!)

நடந்த பசிக்கு எல்லாருக்கும்
கிடைத்ததென்னவோ கரிக் கஞ்சி.
மேயர் மறுபடி பேச எழுந்தார்.
தூரா உடனே கரண்டி நிறைய
அவர் வாயில் ஊட்டி விட்டாள்.

அன்றிரவும் மழை. மொட்டைக் கூரை
சொட்டுச் சொட்டாய் ஒழுகியது,
சரியாய்த் தூராவின் மூக்கின் மேல்.
தொழுவத்தில் ப்ளொம்மா சும்மா கிடந்தாள்.
நிஜமாகவே சும்மா!
நள்ளிரவில் ஓர் ஏப்பம் விட்டாள்.
கூடவே பறந்தது ஒரு சீட்டு.
அதிலே இப்படி எழுதியிருந்தது:
"ஒருவழிப் பயணம் மட்டும்."