இரவல்

பன்னிரண்டு பீங்கான் சகன்கள்
பழைய சாரம் சுற்றி, தொதல் பெட்டிகளில் அடைத்து
ஆட்டோவில் வந்திறங்கின.
கடைசியாக இறங்கியவர் சுபைதா நாச்சியார்.
உடையாமல் வந்தது ஆச்சரியம் என்றேன்.
"உடையிறதெல்லாம் வீட்லயே உடைஞ்சிருச்சு" என்றார்.

கீழக்கரையில் பழைய சுங்கக் கட்டிடம்தான்
எங்கள் அருங்காட்சியகம்.
சீனத்துச் சரக்குக்குத் தீர்வை விதித்த மேசையில்
சீனத்துச் சகனைத் துடைத்து வைத்தேன்.

மதுரையிலிருந்து வந்த நிபுணர்
விளிம்பை நகத்தால் சுண்டினார்,
ஓசையில் வயது கேட்டார்.
நீலச் செவ்வந்திகள், நடுவே
நாயா சிங்கமா தெரியாத ஒன்று.
வரைந்தவன் சிங்கத்தைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு
மூன்றேகால் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

விட்டம், உயரம், விரிசல் இரண்டு,
பித்தளைத் தையல் ஏழு.
பயன்பாடு என்ற கட்டத்தில்
'அலங்காரம்' என்று எழுதப் போனேன்.
"அலங்காரமா? அஞ்சு பேர்" என்றார் நாச்சியார்.

அஞ்சு பேர் சுற்றி உட்கார்ந்து
ஒரே சகனில் கைவைத்தால்
நெய்ச்சோறு குறையக் குறைய
ஓரத்துப் பூ தெரியும்,
அப்புறம் நாயின் வால்.
வாலைக் கண்டதும் கையெடுக்கக் கூடாது;
நீ எழுந்தால் பக்கத்தில் இருப்பவனும்
பசியோடு எழுந்துவிடுவான்.
"எங்க மச்சான் ஒருத்தர், நாய்க்கு நாலு காலும்
தெரியிற வரை எந்திரிக்க மாட்டார்."

சொல்லிக்கொண்டே கவிழ்த்தார்.
எனக்குத்தான் நெஞ்சு பதறியது.
அடிவட்டத்துக்குள், மெருகைக் கொத்திக் கொத்தி
புள்ளி புள்ளியாய் ஓர் எழுத்து.
ஊர்க் கல்யாணங்களுக்கு இரவல் போகிற சகன்
தெருமாறித் தங்கிவிடாமலிருக்கப் போட்டது.
பதினொன்றில் 'மு'.
ஒன்றில் மட்டும் 'தா'.

"இது எங்களுது இல்ல.
என் கல்யாணத்துக்கு தாஹா மரைக்காயர் வீட்ல
இருபத்தி நாலு வாங்கினோம்.
இருபத்தி மூணு போச்சு.
எங்க அடுக்குக்குள்ள இது ஒட்டிக்கிட்டது தெரியல.
தெரிஞ்சப்ப அவங்க கொழும்புக்குக் கப்பலேறிட்டாங்க.
கழுவிக் கவுக்கும்போதெல்லாம்
தா, தாங்குது.
அறுபது வருசம்."

தா என்பது
நிகரானவர் நிகரானவரிடம் கேட்கிற சொல் என்று
எப்போதோ படித்த இலக்கணம் நினைவுக்கு வந்தது.
சொல்லவில்லை.

அப்படியானால் மற்ற பதினொன்றும் எதற்கு என்றேன்.
"ஒண்ணை மட்டும் கொண்டாந்தா நீங்க வாங்குவீங்களா?
அது துணைக்கு வந்தது."

படிவத்தில் மூன்று வகைதான்:
நன்கொடை, கொள்முதல், கண்டெடுப்பு.
அடிமட்டம் வைத்து நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தேன்.
இரவல்.

தணிக்கைக்காரர் சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்:
யாரிடமிருந்து? எந்தத் தேதி வரை?
கோப்பு இரண்டு முறை ராமநாதபுரம் போய்த் திரும்பிவிட்டது.
உப்புக்காற்றில் அதன் ஊசிகள் துருவேறி
தாளில் பழுப்பாய் இரண்டு புள்ளி.

கண்ணாடிப் பெட்டிக்குள் பதினொன்று மல்லாந்தும்
ஒன்று கவிழ்ந்தும் கிடக்கின்றன.
பூவைக் காட்டலையே என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
காவலர் அருளானந்து தினம் ஒரு காரணம் சொல்கிறார்;
நேற்றைக்கு, அது தூங்குது.

வியாழக்கிழமை ஒருவர் வந்தார்.
கவிழ்ந்ததன் முன்னால் மட்டும் வெகுநேரம் குனிந்து நின்றார்.
பேச்சில் அக்கரை வாடை.
பெயர் கேட்டேன். தாஹிர் என்றார்.
என் கை சாவிக்குப் போயிற்று.
எந்த ஊர் என்றேன்.
"காலி."

ஊரின் பெயர்தான்.
ஆனாலும் சாவியைத் திரும்ப மாட்ட
கொஞ்ச நேரம் ஆனது.