நடுவில் ஒரு கீறல்

ஜிம்மா. மூன்று மணிக்கு
மின்சாரம் திரும்பிவிட்டது.
செபீபா, ஐம்பத்து நான்கு:
நின்று நாலு வருஷமான தூரம்
மறுபடி வந்ததை
எவரிடமும் சொல்லாமல்
காப்பித் தோட்டத்துக்குப் போய்வந்தவள்.

அவள் சூலகத்தின் சீவல்
கண்ணாடித் தகட்டில்,
ஊதா, கொஞ்சம் இளஞ்சிவப்பு.

முடியில்லை, பல்லில்லை.
மணல்மணிகளும் இல்லை.
ஹிரூத் குமிழைத் திருகுகிறாள்:
உட்கரு ஒவ்வொன்றிலும் நெடுக ஒரு கீறல்.
காப்பிக்கொட்டை!

செபீபா பறிப்பதெல்லாம் சிவந்த பழம்;
கீறல் தெரிவது
தோலை உரித்த பிறகுதான்.

‘குருணையணுக் கட்டி. மெல்ல வளரும்’
என்று எழுதுகிறாள்.
‘இருபது வருஷம் கழித்தும் திரும்பலாம்.’
பேனா நிற்கிறது.
கூட்டிப் பார்க்கிறாள்:
எழுபத்து நான்கு.

பரவாயில்லையே,
என்கிறாள் தகட்டிடம்.