கிலோமீட்டருக்கு இருபது

சுங்கச்சாவடியில் ஏழாவது பாதை என்னுடையது.
ஃபாஸ்டாக் ஓடாத வண்டி வந்தால்
அச்சு எண்ணிக் காசு வாங்கிக் கட்டை தூக்குவேன்.
நடந்து வருகிறவனுக்கு என்ன ரேட் என்று
பத்து வருசத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

போன மாதம் பிரணிதா
பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள்.
பழையபேட்டையிலிருந்து அணை வரை
குடும்பத்தோடு நடக்க வேண்டும்.
எட்டு கிலோமீட்டர்.
டயாலிசிஸ் மெஷின் ஒன்று வாங்கக் காசு.
நாகவேணி அந்தச் சொல்லில் மட்டும்
விரலை வைத்துக்கொண்டு
வெகுநேரம் தாளைத் தரவில்லை.

கறிக்கடை அன்வர் பாய்
கிலோமீட்டருக்கு இருபது என்று எழுதினார்.
'உங்கப்பாவும் நடக்கிறாரா?
அப்ப எனக்கு நாப்பதுக்கு மேல செலவாகாது.'
மாடிவீட்டு டீச்சர் ஐந்து.
பஞ்சர் கடை மாதப்பன் ஒன்று,
பக்கத்தில் கிரீஸ் விரல் ரேகை.
என் சூப்பர்வைசர் ஐம்பது போட்டு
மறுநாள் அடித்து முப்பது ஆக்கினார்.
கூட்டிப் பார்த்தால் கிலோமீட்டருக்கு நூற்றுப் பதினெட்டு.
பதினாறு சக்கர கிரானைட் லாரிக்குக்கூட
எங்களிடம் அந்த ரேட் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி.
எல்லோருக்கும் வெள்ளைத் தொப்பி.
சர்வேஷுக்கு அது மூக்கு வரை இறங்கியது.
கிலோமீட்டருக்கு ஒரு மேசை,
மேசைக்கு ஒரு நர்சிங் மாணவி,
தாளில் ஊதா முத்திரை.
மூன்றாவது முத்திரையில் என் இடது செருப்பு அறுந்தது.
மாங்கூழ் பீப்பாய் ஏற்றிய லாரி ஒன்று
புளிப்பு வாசனையை எங்கள்மேல் இழுத்துக்கொண்டு போனது.
டிரைவர் என்னைத் தெரிந்தவன்.
ஹார்ன் அடித்து, கை கொட்டிச் சிரித்தான்.

நான்கு தாண்டியதும் சர்வேஷ் உட்கார்ந்துவிட்டான்.
இளநீர்க்காரர் டிவிஎஸ்ஸில் குலைகளுக்கு நடுவே
அவனைச் சொருகி அடுத்த வளைவில் இறக்கிவிட்டார்.
'அரை கிலோமீட்டர் கழிக்கணும்ப்பா' என்றாள் பிரணிதா.
'யாருக்குத் தெரியப் போவுது?'
நான் யாரென்று தெரியுமா,
கட்டையைத் தூக்கு என்கிற கார்க்காரனை
நான் பார்க்கும் அதே பார்வை.
கழித்துவிட்டேன்.

ஐந்தாவது மேசையில் தண்ணீர்.
'எவ்வளவு வேணும்னாலும் குடிங்கக்கா'
என்றது அந்தப் பெண்.
நாகவேணி நின்றாள்.
அவள் பையில் இருந்த பாட்டிலில்
இன்னும் இருக்கிறது பேனாக் கோடு.
தம்பி முனிரத்தினத்துக்கு ஒரு நாளைக்கு
அந்தக் கோடு வரைதான்.
அதற்கு மேல் கேட்டால்
ஐஸ் துண்டு ஒன்றை நாக்கில் வைப்பாள்.

வாரம் மூன்று நாள் ஓசூர்.
விடியற்காலை பஸ்ஸில் போர்வையோடு போவான்,
அந்த அறை குளிரும் என்று.
என் பாதையில் பஸ் வந்தால்
ஜன்னலில் கை ஆட்டுவான்.
ஒவ்வொரு முறையும் பீப் என்று காசு பிடித்துக்கொண்டுதான்
கட்டை எழும்.
பதினாலு மாதம்.
போன கார்த்திகையோடு நின்றது.

'மாமா போனது மொத்தம் எத்தனை கிலோமீட்டர் இருக்கும்?'
கேட்டுவிட்டு பிரணிதா தானே பெருக்கினாள்,
உதடு அசைய.
விடை வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.
நாகவேணி பாட்டிலைத் திறந்து
கோட்டுக்கு மேலே, கழுத்து வரை, வழிய வழிய
நிரப்பி வாங்கினாள்.
யாரும் குடிக்கவில்லை.
அணை வரைக்கும் அதைச் சுமந்தாள்.

அணையில் மீன் வறுக்கிற புகை.
வசூல் காசிலா என்று பையன் கேட்டதற்கு
அக்காளிடம் ஒரு குட்டு வாங்கினான்.
என் பணத்தில் நாலு துண்டு.
முள் எடுக்கும் சாக்கில்
நாகவேணி கொஞ்சம் அழுதாள்.

மாலையில் வசூல்.
'ஏழரை கிலோமீட்டர், நூத்தம்பது' என்றாள் பிரணிதா.
அன்வர் பாய் என் காலைப் பார்த்தார்,
கட்டைவிரலில் சுற்றிய துணியைப் பார்த்தார்,
நூற்று அறுபது தந்தார்.
இவள் பத்தைத் திருப்பி நீட்டினாள்.
அவர் வாங்கவில்லை.
இவளும் விடவில்லை.
பின்னால் அரைக்கிலோ கேட்டு ஒருவர் இருமுகிறார்.
தராசுத் தட்டில் கிடக்கிறது அந்த நோட்டு,
தட்டு கொஞ்சமும் இறங்காமல்.