கல் பொறுக்கும் விடுமுறை

செப்டம்பர் பாதியில் எங்கள் பள்ளிக்கு மூன்று வாரம் பூட்டு.
உருளைக்கிழங்கு யாருக்காகவும் காத்திருக்காது.
கல்லூரிகளும்தான்.
மெய்ன் மாநிலத்தின் வடக்கு விளிம்பு,
ஆற்றுக்கு அக்கரையில் கனடா.
நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி.
ஆலோசகர் என்று கதவில் எழுதியிருக்கிறது,
கதவுக்குப் பின்னால் தாள் சிக்கிய அச்சுப்பொறியும்
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறையும்.

அறுவடை முடிந்து மிரேய் திபோடோ வந்தாள்,
நகக்கண்ணில் இன்னும் மண்.
கட்டுரையின் நடுவில் எங்கோ
அவள் அப்பாவின் மூன்று விரல்கள்
இயந்திரத்தில் போயிருந்தன.
அறுநூற்று நாற்பத்தேழு சொற்கள்.
அனுமதி அறுநூற்றைம்பது.

ரத்தத்தை முன்னால் கொண்டுவா என்று
நான் சொல்லவில்லை.
'முதல் வரியிலேயே வாசிப்பவரைப் பிடி' என்று
பச்சை மையில் எழுதினேன்.
சிவப்பு மனதைப் புண்படுத்துமாம்,
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.

திருத்தினாள். மறுபடியும் திருத்தினாள்.
ஐந்தாம் பிரதியில் ஓர் அலறல் வந்துவிட்டது.

"அப்பா அலறவே இல்லை, மிஸ் வயலெட்.
துண்டைச் சுற்றிக்கிட்டு
மோட்டாரை நிறுத்துன்னார், அவ்வளவுதான்.
அலறலை நான்தான் போட்டேன்.
உங்களுக்குப் பிடிக்கும்னு."

பிறகு கேட்டாள்:
"ஒரு விரலுக்கு எவ்வளவு தருவாங்க?"
கேலி இல்லை அதில்.
பீப்பாய் என்ன விலை போகிறது என்று
லாரிக்காரனிடம் கேட்கிற அதே குரல்.

வெந்நீர்க் குழாய் சுவருக்குள் தட்டிக்கொண்டிருந்தது.
ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன்,
மூன்று வாரமும் என்ன வேலை உனக்கு?

கல் பொறுக்கினாளாம்.
விடியுமுன் பெல்ட் ஓடத் தொடங்கும்.
மண், கிழங்கு, கல், எல்லாம் ஒரே நிறம்,
எல்லாவற்றின் மேலும் உறைபனி.
கண் முடிவெடுப்பதற்குள் கை முடிவெடுத்துவிடும்.
கல்லின் குளிர் வேறு, கிழங்கின் குளிர் வேறு.
எப்படி வேறு என்று கேட்டேன்.
யோசித்தாள். "கல் திருப்பித் தள்ளும்."
ஒருநாள் தூக்கியெறிந்த பிறகுதான்
அது கிழங்கு என்று உள்ளங்கைக்குத் தெரிந்ததாம்.
ராத்திரி முழுக்க அந்த ஒரு கிழங்கு.

"அதை எழுதவா?" என்றவள் உடனே,
"ஆனா அதில் யாருக்கும் அடிபடாதே" என்றாள்.

பேனாவை மூடி மேசை அறையில் போட்டேன்.

நவம்பர் முதல் தேதி பனிமழையில் மின்கம்பி அறுந்தது.
நூலக வாகன நிறுத்தத்தில் மட்டும்
இணையம் கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது.
இரவு பதினொன்று நாற்பதுக்கு அவள் அப்பா
ஏழு விரல்களால் வண்டியை ஓட்டிவந்து நிறுத்தினார்.
"நம்ம வருமானம் அவங்களுக்கு எதுக்கு?" என்று
ஒரு மாதமாக வரித்தாளைத் தராத மனிதர்
அன்று அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தாராம்.
பொத்தானை அழுத்தினாள்.
திரை முழுக்க வண்ணக் காகிதம் பறந்தது.

"ஜெயிச்சிட்டியா?"
"இல்லப்பா. அனுப்பிட்டேன்."

இரண்டு கல்லூரிகள் வேண்டாம் என்றன.
ஒன்று காத்திரு என்றது.
ஒன்று வா என்றது, கூடவே ஒரு கட்டணப் பட்டியல்;
அதோடு இன்னும் மல்லுக்கட்டுகிறோம்.
அந்தக் கல் பத்தியை யாராவது படித்தார்களா, தெரியாது.

இந்த வருடமும் பூட்டுத் திறந்தாயிற்று.
ரெமி மிஷோ வாசலில் நிற்கிறான்.
நீட்டிய தாளின் முதல் வரியில்
அவன் அம்மாவின் மருத்துவமனை அறை எண்.
நல்ல வரி.
பழக்கதோஷம், என் கை மேசை அறைக்குள் துழாவுகிறது.
அகப்பட்டது அந்த ஒற்றைக் கையுறை.

உன்னுடையதா? என்கிறேன்.
இல்லை என்று தலையசைத்தும்
வாங்கிப் போட்டுப் பார்க்கிறான்.