பாடம் ஏழு: வாடகைக்கு வீடு

கம்மனஹள்ளியில், பேக்கரிக்கு மேல்மாடி.
சனிக்கிழமை ஜெர்மன் வகுப்பு.
இன்று சுஹாஸ் வீட்டுக்காரன்,
நான் வீடு தேடி வந்தவள்.
குப்பைக்கூடைதான் வாசற்படி.

குட்டன் டாக், என்கிறேன்.
அறை விசாலம், பால்கனி தெற்குப் பார்த்தது என்கிறான்
ஓரக்கண்ணால் புத்தகத்தைப் பார்த்து.
ஹீட்டர் செலவு தனி.
சரி என்கிறேன்,
அந்தக் குளிரைக் கண்டவள் போல.

நேற்று லிங்கராஜபுரத்தில்
பூட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்கள்:
வெஜ்ஜா, தனியாவா, நைட் டியூட்டியா.
மூன்றுக்கும் உண்மையைச் சொன்னேன்.
பூட்டு பூட்டாகவே இருந்தது.

புத்தகத்து வீட்டுக்காரருக்கு
ஒரே ஒரு சந்தேகம்:
செல்லப்பிராணி உண்டா?
இல்லை.
அத்தோடு பாடம் முடிகிறது. நான்தான் முடிக்காமல்
இங்கே மீன் சமைக்கலாமா
என்று கேட்டுவிடுகிறேன்.

சுஹாஸ் பக்கம் புரட்டுகிறான்.
எட்டு, ஒன்பது, திரும்பவும் ஏழு.
காது மடல் சிவக்கிறது.
பிறகு கன்னடத்தில், குரலைத் தாழ்த்தி:
நம்மம்மா ஒப்பல்லா.

ஜெர்மன் மட்டும், ஜெர்மன் மட்டும்,
மேசையைத் தட்டிக்கொண்டு வருகிறார் ஷர்மிஷ்டா மிஸ்.
நான் சொன்னதில் ஒரு பிழை.
மீன் ஆண்பாலாம்.
வீடு, இந்தப் பாடத்தில், பெண்பால்.
ஊரில் இரண்டும் அஃறிணை என்று படித்துத்
தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கியவள் நான்.

இடம் மாறுங்கள் என்கிறார்.
இப்போது வீடு என்னுடையது.
குப்பைக்கூடைக்கு அந்தப் பக்கம்
கைகட்டி நிற்கிறான் சுஹாஸ்,
எதையாவது கேட்பேன் என்று.

ஸ்கூட்டர் சாவியை எடுத்து
ஒருமுறை குலுக்கிக் கொள்கிறேன்.
செல்லப்பிராணி உண்டா?