பதினொன்றரைக்கு ஏறி, பத்தே முக்காலுக்கு இறங்கி

வவுச்சரில் நான் எழுதியது அப்படித்தான்.
மருதாசலம் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார்.
"ஏனுங்க, ஏறறதுக்கு முந்தியே எறங்கிருவீங்களா?"

திருப்பூர். மூன்றாம் மாடி.
கீழே கட்டிங் மிஷின் இரைய,
அவர் மேஜையில் என் பயணம் பின் அடித்துக் கிடக்கிறது:
சந்தியாகோவிலிருந்து வீகோவுக்கு ரயில்,
வீகோவிலிருந்து கடலை ஒட்டியே வாடகைக் கார்,
மின்யோ ஆற்றைக் கடக்கச் சின்னப் படகு,
அக்கரையில் மறுபடி ரயில், போர்த்தோ வரைக்கும்.
மழையில் ஊறிக் காய்ந்த நாலு சீட்டு.
சாம்பிள் பெட்டிக்குத் தனிக்கூலி.

வடகரை ஸ்பெயினுங்க, தென்கரை போர்ச்சுகல்.
இங்கே பதினொன்று என்றால் அங்கே பத்து.
கெடியாரம் ரெண்டும் சரியாத்தான் ஓடுதுங்க.

பேனாவை மூடினார். மூடினால் கோபம்.
"செரி, அந்த ஒரு மணி நேரம் எங்கீங்க போச்சு?
கம்பெனி நேரந்தானுங்களே அது?"

பேச்சை மாற்ற, திரும்பி வந்த பச்சையைச் சொன்னேன்.
ஆறு தடவை சாயம் மாற்றி அனுப்பிய துணி.
பையரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்,
தண்ணீருக்கு அப்பாலிருந்த குன்றைக் காட்டி
இதில்லை, அது, என்றாள்.
அக்கரைப் பச்சைக்கு
எந்தச் சாயப்பட்டறையில் போய் ரெசிப்பி கேட்பது?

அவர் சிரிக்கவில்லை. வவுச்சர் நிலுவை.

புதன்கிழமை பூலாம்பட்டி யூனிட்டில்
அறுநூறு பீஸ் குறைகிறதென்று தகவல்.
எண்ணிப் பார்க்க அவரும் வந்தார்.
ஈரோடு வரை ரயிலில் நின்றுகொண்டே.
பவானி, அம்மாபேட்டை என்று அங்கமுத்துவின் கார்;
ஏசி போட்டால் மேட்டில் இருமும்.
நெரிஞ்சிப்பேட்டையில் விசைப்படகு:
நாலு பைக், வாழைத்தார்,
நிச்சயத்துக்குப் போகிற ஒரு கூட்டம், மடியில் தட்டுகளோடு.
கதவணைக்குப் பின்னே காவிரி அசையாமல் கிடந்தது.

படகு கிளம்பியதும் கைக்கடிகாரம் பார்த்தார்.
கரை தட்டியதும் பார்த்தார்.
"பன்னெண்டு நிமிசம்."
ஈரோடு மாவட்டத்தில் ஏறி
சேலம் மாவட்டத்தில் இறங்கியிருந்தோம்.
"நமக்கு மாவட்டமே மாறுனாலும்
ஒரு நிமிசம் சேத்திக் குடுக்கறாங்களா, பாருங்க,"
வேட்டியை மடித்துக் கட்டியபடி சொன்னார்,
என்னிடம் இல்லை, படகுக்காரரிடமும் இல்லை.

திரும்பும் படகில்
முழங்கால்மேல் ஃபைலை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.
'காரணம்' என்ற கட்டத்தில்
'ஆறு' என்று மட்டும் எழுதினார்.
ஆடிட்டர் அதை எண் என்று படிக்கலாம்.

அந்த மணியில் என்ன செய்தேன் என்று
அவர் கேட்கவேயில்லை.

காமின்யா சதுக்கத்தில் ஒரு பேக்கரி வாசல்.
ஈர நாற்காலி. அதன் அடியில்
என்னை யாரென்று விசாரிக்காத ஒரு நாய்.
போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டேன்,
பத்தொன்பது வயதில் செக்கிங் டேபிளில் நின்றதிலிருந்து
முதல் தடவை.
மணிக்கூண்டு பதினொன்று அடித்தது,
எனக்கு அன்றைக்கு இரண்டாம் பதினொன்று.

இரண்டு காப்பி குடித்தேன்.
பில் வாங்கவில்லை.