முதல் வரி

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஜெராக்ஸ், லேமினேஷன், கவுன்சிலிங் விண்ணப்பம் என்று
போர்டு வைத்து ஒன்பது வருஷம்.
மே மாதம் முடிந்தால் நான் ஜோசியக்காரி.

கணக்கில் வாங்கியது அப்படியே,
இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி,
கூட்டினால் இருநூற்றுக்கு இவ்வளவு.
எந்தக் கல்லூரி எந்தப் பிரிவுக்கு
எந்த எண்ணோடு மூடியது என்று
நீள நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.
விரலை ஓட்டிச் சொல்வேன்:
'வந்துடும்.' 'இழுக்கும்.' 'விட்டுடுங்க.'
மூன்றே சொல்.
பக்கத்துக்குப் பத்து ரூபாய்க்கு
இதற்கு மேல் என்ன சொல்ல.

'விட்டுடு' என்று சபரீசனிடம் சொன்னேன்.
தாதகாப்பட்டிப் பையன். அப்பா லீ பஜாரில் மூட்டை தூக்குகிறார்.
நூற்று எண்பத்தொன்பதரை.
அவன் கேட்ட கிண்டி மெக்கானிக்கல்
முந்தைய வருஷம் நூற்றுத் தொண்ணூற்றொன்றில் நின்றிருந்தது.
பட்டியலிலிருந்து அந்த வரியை நான்தான் எடுத்தேன்.
இருந்திருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை,
வெறும் ஒரு வரி.
அந்த வருஷம் நூற்று எண்பத்தொன்பதில் மூடினார்கள்.

கருப்பூரில் படிக்கிறான். நல்ல கல்லூரிதான்.
ரெக்கார்டு நோட்டு பைண்டிங்குக்கு இங்கேதான் வருகிறான்,
ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.
அவனுக்கு மட்டும்
சில்லறையைத் தப்பாக எண்ணிவிடுகிறேன்.

இன்று வந்தவள் காவேரி.
ஏற்காட்டுக்கும் அந்தப் பக்கம், வெள்ளக்கடை.
இருபது கொண்டை ஊசியில்
பதினொன்றாவதில் வாந்தி எடுத்தேன் என்றாள், சிரிக்காமல்.
வாயில் புளிப்பு மிட்டாய்.
சாதிச் சான்றிதழ் இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள்
(அதை வாங்க நடந்த நடை தனிக் கதை).
கட்-ஆஃப் அவளே போட்டிருந்தாள், பஸ் டிக்கெட்டின் முதுகில்:
எண்பத்தெட்டு, முப்பத்தொன்பதரை, நாற்பத்தொன்றரை.
நூற்று அறுபத்தொன்பது.
திரும்பக் கூட்டினேன். சரியாகத்தான் இருந்தது.

'முதல்ல கிண்டி. ஜியோ-இன்ஃபர்மேடிக்ஸ்.'
நோட்டைப் புரட்டினேன். எஸ்.டி. பத்தியில்
அந்தப் படிப்புக்கு நேராக
ஒரு வருஷம் எண் இருக்கிறது, ஒரு வருஷம் கோடு.
விரல் நின்றுவிட்டது.
'யார் சொன்னா இந்தக் கோர்ஸ?'

'யாரும் சொல்லல.
தை மாசம் எங்க மலைய அளக்க வந்தாங்க.
மூணு காலு மேல மஞ்சப் பெட்டி.
நாளைக்கு முந்நூறு ரூவா, நான் குச்சி புடிச்சேன்.
தள்ளி நில்லு, நேரா புடி, அசையாதன்னாங்க.
ஆறு நாள் அசையலக்கா.
பெட்டிக்குள்ள ஒரு தடவ பாக்கறேன்னேன்,
தொடாதன்னுட்டாங்க.
அந்தப் பக்கத்துல இருந்து
நாங்க எப்படித் தெரியறோம்னு பாக்கணும்.'

முதல் வரியில் அடித்தேன்.
அடுத்து கருப்பூர், அடுத்து பர்கூர்,
அவள் சொல்லச் சொல்ல.
'கிடைக்குமாக்கா?'
மூன்று சொல்லும் தொண்டை வரை வந்தன.
'தெரியல' என்றேன்.
ஒன்பது வருஷத்தில் அந்தச் சொல்லை
இந்த மேசையில் வைத்ததே இல்லை.

உறுதி செய்யும் ஓ.டி.பி. அவள் அப்பா நம்பருக்குப் போனது.
அப்பா எஸ்டேட்டில் களை வெட்டுகிறார்,
சிக்னல் பாறை மேல்தான்.
பதினோரு மணிக்கு ஏறச் சொல்லியிருந்தாளாம்.
முதல் எண் காலாவதி.
இரண்டாவதும்.
மூன்றாவது போவதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார்,
மூச்சு வாங்குவது ஸ்பீக்கரில் கடை முழுக்கக் கேட்டது.

ஏழு. சைபர். நாலு. இன்னொரு நாலு.
இரு, மழ வருது.
ஒண்ணு. ஒம்போது.

பச்சை டிக் விழுந்தது.

'அவ்வளவுதானா கண்ணு?
சேந்தாச்சா?'

அவள் என்னைப் பார்த்தாள்.
நான் பிரிண்டரைத் திறந்து
பேப்பர் இருக்கிறதா என்று பார்த்தேன்.